ஒன்றரை மில்லிமீட்டர் அறிவு

ரப்பர் மரத்தின் பட்டை, கனத்த இடத்தில்கூட ஒரு சென்டிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். அதற்குள் பால் நாளங்கள் சீராகப் பரவியிருப்பதில்லை. வெளிப்பட்டையில் அநேகமாக ஒன்றும் கிடையாது. உள்ளே போகப் போக அவை நெருங்கி, கட்டையை ஒட்டிய கடைசிச் சில மில்லிமீட்டரில்தான் அடர்ந்து கிடக்கின்றன. அதற்கும் உள்ளே, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, மெல்லிய வளர்படலம் இருக்கிறது. புதுப் பட்டை பிறப்பது அங்கிருந்துதான். கத்தி அதைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். ஆறும்போது அந்த இடம் முண்டும் முடிச்சுமாக எழும். சில ஆண்டு கழித்து வெட்டு மறுபடி அந்தப் பக்கம் வரும்போது கத்தி ஓடாது. காயத்துக்குப் பயந்து மேலோடு சீவினாலோ, நாளங்களில் பாதி அறுபடாமல் நின்றுவிடும். பால் ஏந்தும் கோப்பையான மங்கில் பால் விழாது.

ஆக, பால் வெட்டுகிறவர் வளர்படலத்துக்கு வெளியே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மட்டும் விட்டுவைத்து, அதுவரை ஆழம் போக வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைக்கு மேல் சீவக் கூடாது. கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி, வலப்பக்கம் கீழே இறங்கி, மரத்தின் பாதிச் சுற்றுக்கு ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் போக வேண்டும். இடமிருந்து வலம் என்பதற்கும் காரணம் உண்டு. பால் நாளங்கள் நேர்க்குத்தாக ஏறுவதில்லை. வலப்பக்கம் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. அந்தச் சாய்வுக்கு எதிராக வெட்டினால்தான் நிறைய நாளங்கள் அறுபடும்.

இவ்வளவையும் விடியுமுன் இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில் செய்ய வேண்டும். வெயில் ஏறி இலைகள் நீரை வெளியேற்றத் தொடங்கினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் தளரும். ஒருவருக்கு ஒதுக்கப்படும் நிரைகளில் 500, 600 மரங்கள் இருக்கும். 500 மரத்தை நான்கு மணி நேரத்தில் முடிப்பதென்றால் ஒரு மரத்துக்கு அரை நிமிடம்கூட இல்லை. அடுத்த மரத்துக்கு நடக்கிற நேரமும் அதற்குள்தான்.

அந்த ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆண்டுக்கு 150 வெட்டு நடந்தால் 22.5 சென்டிமீட்டர் பட்டை செலவாகும். கை சற்றுக் கனத்து இரண்டு மில்லிமீட்டர் சீவினால் 30 சென்டிமீட்டர். ஐந்து, ஐந்தரை ஆண்டுக்கு வர வேண்டிய பட்டை நான்கு ஆண்டில் தீர்ந்துபோகும். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் ஒரு தோட்டத்தின் வருமானத்தில் ஓராண்டுக்கு மேல் தின்றுவிடுகிறது. அந்த அரை மில்லிமீட்டரை மணிக்கட்டில் பிடித்து வைத்திருந்தவர்களைத்தான் நிர்வாக ஏடுகள் தேர்ச்சி தேவைப்படாத தொழிலாளர் என்று எழுதி வந்தன.

அப்படியானால் அறிவு என்பது எது? மலேசியாவின் நெகிரி செம்பிலான் இந்தக் கேள்வியைக் கேட்க ஏற்ற மாநிலம். ரந்தாவ், லின்சும், சிலியாவ், லாபு, மந்தின், போர்ட்டிக்சன், ரெம்பாவ், பகாவ் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தமிழ்க் குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறை பால் வெட்டிய தோட்டங்கள். பிறகு அதே நிலத்தில் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் நகரம் வந்தது. அறிவு என்று நாம் எதைச் சொல்கிறோம், அது எங்கே செலவாகிறது, யார் அதை அளக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் இந்த மண்ணில் நின்று கேட்டால் பதில் வேறு மாதிரி வருகிறது.

அறிவு எது என்ற கேள்விக்கு உளவியலில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1904-இல் சார்லஸ் ஸ்பியர்மன், ஒரு பாடத்தில் நன்றாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் மற்றப் பாடங்களிலும் நன்றாகச் செய்வதைக் கவனித்து, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொதுத் திறன் ஓடுகிறது என்றார். அவரிடம் பயின்ற ரேமண்ட் கேட்டல் அதை இரண்டாகப் பிரித்தார். முன்பின் பார்த்திராத சிக்கலை அந்த இடத்திலேயே அவிழ்க்கும் திறன் ஒன்று. அது இளமையில் உச்சத்துக்கு வந்து பிறகு மெல்லக் குறையும். பழகிப் பழகி உறைந்து நிற்கும் அறிவு இன்னொன்று. அது வயதோடு வளரும், வெகுகாலம் நிற்கும். இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஐம்பது வயதில் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இன்னொரு பக்கம், மனம் ஒரே சமயத்தில் எவ்வளவு தாங்கும் என்ற ஆராய்ச்சி. 1956-இல் ஜார்ஜ் மில்லர் ஏழு, அதற்குக் கொஞ்சம் முன்பின் என்றார். 2001-இல் நெல்சன் கோவன் அதையும் குறைத்து நான்குக்குக் கொண்டுவந்தார். நடுவில் 1974-இல் ஆலன் பேட்லியும் கிரகாம் ஹிட்சும், இது வெறும் சேமிப்பு இடம் அல்ல, வேலை நடக்கிற இடம் என்று காட்டினார்கள். அதைச் செயல் நினைவு என்கிறோம். ஒரு சின்ன மேசை என்று வைத்துக்கொள்ளலாம். கணக்குப் போடுவது, சொன்னதைப் புரிந்துகொள்வது, அடுத்ததை யோசிப்பது எல்லாமே அதன் மேல்தான் நடக்கின்றன. மேசையைப் பெரிதாக்க முடியாது. அதன் மேல் வேறு என்ன கிடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நம் கைக்கு எவ்வளவு இடம் மிச்சம் என்பது.

அப்படியானால் 500 மரங்களை ஒரு பெண் எப்படி நினைவில் வைத்திருந்தாள்? எந்த மரத்தில் பட்டை மரத்துப்போய்ப் பால் நின்றுவிட்டது, எது மேட்டுப் பக்கம் சாய்ந்தது, எதன் அடியில் குளவிக்கூடு, எந்த மரத்துக்கு நேற்றுக் கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது என்று அவள் வரிசையாகச் சொல்வாள். 1973-இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் சதுரங்க வல்லுநர்களை வைத்துச் செய்த ஆய்வு இதற்கு வழி காட்டுகிறது. உண்மையான ஆட்டத்தின் காய்நிலையைச் சில விநாடி காட்டி மறைத்தால் வல்லுநர்கள் பெரும்பகுதியைச் சரியாகத் திருப்பி அடுக்கினார்கள். காய்களைக் கண்டபடி இறைத்து வைத்தபோது அவர்களும் புதியவர்களும் ஏறத்தாழ ஒன்றுதான். நினைவாற்றல் மிகுந்திருந்ததால் அல்ல; பல காய்களை ஒரே பொருளாகப் பார்க்கும் பழக்கம் ஏறியிருந்ததால் அது முடிந்தது. பால் வெட்டும் பெண்ணுக்கும் மரம் தனி மரமாக நிற்பதில்லை. நிரை, மேடு, ஓடை, திருப்பம் என்று கொத்துக் கொத்தாக நிற்கிறது. அவளை அடுத்த நிரைக்கு மாற்றினால் சில வாரம் பால் குறையும். வேலையை மேற்பார்க்கும் தண்டலுக்கு இது தெரியும். ஆள் மாற்றத் தயங்குவார்.

கையும் அப்படித்தான். தொடக்கத்தில் ஆழம், சரிவு, கனம் மூன்றையும் தனித்தனியே கவனிக்க வேண்டியிருக்கும், மேசை நிறைந்துவிடும். தோட்டங்களில் புது ஆளை நேரே நல்ல மரத்துக்கு அனுப்ப மாட்டார்கள். வெட்டி முடித்த பழைய மரங்களில் வாரக்கணக்கில் பழக விடுவார்கள். “அழுத்தாதம்மா, கத்தி தானா போவட்டும்” என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார்கள். தேர்ச்சியே தேவைப்படாத வேலைக்கு ஏன் இத்தனை பயிற்சி என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சில மாதத்தில் ஆழம் விரல்நுனிக்கு இறங்கிவிடுகிறது. கத்தி எழுப்பும் ஓசை மாறுவதிலிருந்தே கட்டை நெருங்கிவிட்டதென்று தெரிகிறது. இப்படி மேசை காலியானதும், இருட்டில் பாம்புக்கும் வழுக்கலுக்கும் கவனம் மிஞ்சுகிறது.

இந்த வெட்டுமுறையே ஒரு கண்டுபிடிப்பு. 1888 முதல் இருபது ஆண்டுக்கு மேல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, வளர்படலத்தைத் தொடாமல் மெல்லிய சீவலாக எடுத்து, அதே கோட்டை மறுபடி மறுபடி திறந்தால் மரம் சாகாமல் பல ஆண்டு பால் தரும் என்று நிறுவினார். அவர் பெயர் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் அவர் கண்டறிந்தது ஒரு விதி. அதை நாளுக்கு 500 தடவை, வளைவும் முடிச்சும் வெவ்வேறான 500 மரங்களில், தவறாமல் நிறைவேற்றிய அறிவு வேறு யாருடையது என்பதும் வரலாற்றில் இடம்பெற வேண்டிய செய்திதான்.

செம்பனைக்கு வந்தால் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. அங்கே கைநுணுக்கத்தைவிடத் தீர்மானம் பெரிது. குலை கறுப்பிலிருந்து சிவப்புக்கு மாறும். ஆனால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பார்க்க வேண்டும். ஒன்றும் உதிராத குலையை இறக்கினால் எண்ணெய் குறைவு, ஆலையில் பழி. அதிகம் உதிர விட்டால் பழம் நசுங்கி, எண்ணெயில் கொழுப்பமிலம் ஏறித் தரம் கெடும். உதிரிப்பழம் பொறுக்கவே நேரம் போகும். பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் அதே மரத்துக்கு மறுபடி வர முடியும் என்பதால், இன்றைக்குப் பாதி பழுத்து நிற்பது அடுத்த சுற்று வரை தாங்குமா என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். குலை இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். உயர்ந்த மரத்தில் நீண்ட அலுமினியக் கம்பின் நுனியில் கட்டிய அரிவாளை மட்டைக்கும் குலைக்காம்புக்கும் நடுவே செருக வேண்டும். குலை எங்கே விழும், மட்டை எங்கே விழும், தான் எங்கே நிற்பது, அடுத்து எந்த மரம், வண்டிப்பாதைக்கு எந்தப் பக்கமாகச் சுமந்தால் தூரம் குறையும் என்று தீர்மானங்கள் அடுக்கடுக்காக வருகின்றன.

அமெரிக்காவில் சில்வியா ஸ்கிரிப்னர் என்ற உளவியலாளர் ஒரு பால்பண்ணைத் தொழிற்சாலையில் சரக்கு எடுத்துவைப்பவர்களைக் கூர்ந்து ஆராய்ந்து 1984-இல் எழுதினார். கேட்ட எண்ணிக்கையில் புட்டிகளைப் பெட்டியில் அடுக்கித் தருவது அவர்கள் வேலை. அங்கே கீழ்ப்படியில் வைக்கப்பட்ட வேலை. பழகியவர்கள் ஒவ்வொரு கோரிக்கைக்கும், வெற்றுப் பெட்டியில் புதிதாக அடுக்குவதா, பாதி நிறைந்து நிற்கும் பெட்டியிலிருந்து சிலவற்றை எடுத்துவிடுவதா என்று நொடியில் கணக்கிட்டு, கை அசைவு எதில் குறைவோ அதையே தேர்ந்தார்கள். அதே பணியைக் கொடுத்தபோது அலுவலக எழுத்தர்களும் மாணவர்களும் தாளில் இருந்த எண்ணை அப்படியே பின்பற்றி, கூடுதலாகச் சுமந்தார்கள். உடல் உழைப்பைக் குறைப்பதற்காக மூளை உழைக்கிறது என்பது ஸ்கிரிப்னர் கண்டது. நெகிரி செம்பிலானின் ஜெம்போல் பக்கத்துச் செம்பனைக் காட்டில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தால் போதும், அதே கணக்கு மரத்துக்கு மரம் நடப்பது தெரியும்.

இதுவரை சொன்னது அறிவு இருக்கிறது என்பதற்கு. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த அறிவு எப்படிக் கரைக்கப்பட்டது என்பது. திறன் என்பது ஒருவர் தலைக்குள் நிலையாக உட்கார்ந்திருக்கும் பொருள் என்று நினைத்துக்கொண்டுதான் நாம் பிள்ளைகளையும் தொழிலாளிகளையும் எடைபோடுகிறோம். ஆனால் தூக்கம், கவலை, புரியாத மொழி ஆகிய மூன்றும் அதே மனிதரின் திறனை ஏற்றி இறக்குகின்றன.

முதலில் தூக்கம். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டுமென்றால் நான்கு மணிக்கே எழ வேண்டும். பெண்கள் அதற்கும் முன்னால் எழுந்து, சமைத்து, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டு ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓட வேண்டும். இரவில் அவர்கள் படுத்ததும் சீக்கிரமில்லை. இதற்கு மிக நெருக்கமான ஆய்வு சென்னையில் நடந்தது. கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2021-இல் வெளியிட்டது. குறைந்த வருமானமுள்ள 452 பேருக்குத் தரவு உள்ளிடும் வேலை கொடுத்து, அவர்கள் தூக்கத்தைக் கருவி கட்டி அளந்தார்கள். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் உண்மையில் உறங்கியது ஐந்தரை மணி நேரம்தான். சூடு, கொசு, இரைச்சல். இரவுத் தூக்கத்தை அரை மணி அளவுக்கு நீட்டிப் பார்த்தார்கள். வேலையில் மாற்றம் தெரியவில்லை. தரம் கெட்ட தூக்கத்தை நீட்டி என்ன பயன் என்று நான் இதைப் படிக்கிறேன். வேலையிடத்திலேயே அமைதியான மூலையில் பகலில் அரை மணி படுக்க விட்டபோதோ கவனமும் வேலைத்திறனும் மனநிலையும் தெளிவாக உயர்ந்தன. பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் தோட்டத்து ஆண்களில் சிலருக்கு அந்தப் பகல் தூக்கம் கிடைத்தது. பெண்களுக்குத் தண்ணீர்க் குழாயும் விறகும் துணியும் காத்திருந்தன.

அடுத்தது பணக்கவலை. இதைப் பற்றி உலகமே மேற்கோள் காட்டும் ஆய்வு நம் முன்னோர் கப்பலேறிய மண்ணில் நடந்தது. மலாயாத் தோட்டங்களுக்கு ஏராளமானோர் வந்த வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து பிரிந்தவைதான் இன்றைய திருவண்ணாமலையும் விழுப்புரமும். அந்த இரு மாவட்டங்களில், 54 கிராமங்களில், 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் சோதித்து 2013-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். கரும்புப் பணம் ஆண்டுக்கு ஒருமுறை, வெட்டு முடிந்த பிறகு வரும். வெட்டுக்கு முன் கையில் காசிருக்காது, அடகுக்கடைக்குப் போக வேண்டிவரும். வெட்டுக்குப் பின் கை நிறையும். ஒரே ஆளை இரண்டு சமயத்திலும் சோதித்தார்கள். வடிவங்களைப் பொருத்திக் காட்டும் சோதனையில் பத்துக்கு, முன்பு நான்குக்குச் சற்று மேல், பின்பு ஐந்தரை அளவுக்குச் சரியான விடை. அதே மனிதர், அதே மூளை. ஆலைகள் ஒவ்வொரு வயலுக்கும் வெவ்வேறு வாரத்தில் வெட்டுத் தேதி கொடுப்பதால், பருவமோ திருவிழாவோ காரணம் என்று சொல்லிவிட முடியாது. கவலை மேசையின் பாதியைப் பிடித்துக்கொண்டது என்பதே அவர்கள் விளக்கம்.

இந்த ஆய்வின் புள்ளிவிவர முறையைக் குறை சொன்னவர்கள் உண்டு. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016-இல் வந்த ஓர் ஆய்வு அறிவுச் சோதனைகளில் வித்தியாசம் காணவில்லை. ஆனால் குறித்த நாளில் நிச்சயமாக வரும் சம்பளத்துக்குக் காத்திருப்பதும், வருமா வராதா என்று தெரியாத காசுக்குக் காத்திருப்பதும் ஒன்றல்ல. பால் வெட்டுகிறவரின் நிலை கரும்பு விவசாயியின் நிலைக்கே நெருக்கம். ஆண்டின் முதல் மாதங்களில் ரப்பர் மரம் இலையுதிர்த்துப் பால் சுண்டும். பிள்ளைகளுக்குச் சட்டையும் புத்தகமும் வாங்கிய ஜனவரிச் செலவின் சூடு ஆறுவதற்குள் அது வந்துவிடும். தீபாவளியை ஒட்டியோ மழை. விடியற்காலை மழை பெய்தால் வெட்டுக்கோடு நனைந்து, பால் மங்குக்குப் போகாமல் மரமெல்லாம் வழியும். அன்று வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் காசும் இல்லை. படுக்கையில் கிடந்து தகரக் கூரையில் மழைச் சத்தம் கேட்கும்போது மனம் கடைக்கடனைக் கூட்டத் தொடங்கிவிடும். கடைக்காரர் புத்தகத்தில் நிற்கும் பாக்கி, மாதநடுவில் வாங்கிய முன்பணம், சீட்டுப்பணம் எல்லாம் மேசைமேல் கிடக்க, அந்த மனிதர்தான் மறுநாள் ஒன்றரை மில்லிமீட்டரைப் பிடித்தார்.

மூன்றாவது, மொழி. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த தோட்டத்துப் பிள்ளை இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு கூடுதலாக இருந்துதான் மலாய்வழிப் படிப்புக்குள் போனது. கணிதக் கேள்வியைப் படிக்கும்போதே மேசையின் பாதியைச் சொற்கள் எடுத்துக்கொண்டால், கணக்குக்கு மிஞ்சுவது மீதிப் பாதி. அந்தப் பிள்ளையின் மதிப்பெண் குறைந்தபோது கணக்கு வரவில்லை என்றுதான் எழுதப்பட்டது. பிரேசிலில் ரெசிஃபி நகரில் தெருவில் தேங்காய் முதலியன விற்ற சிறுவர்களை ஆராய்ந்து 1985-இல் டெரெசின்யா காராயெரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் எழுதினார்கள். வாங்குகிறவர்போல் விலை கேட்டபோது நூற்றுக்கு 98 விடை சரி. அதே கணக்கை எண்களாக மட்டும் தாளில் எழுதிக் கொடுத்தபோது 37. அப்பாவின் பால் எடையைத் தோட்டத்துக் கணக்கரான கிராணி அறிவித்ததும் அன்றைய கூலியை வாயாலேயே சொல்லிவிடும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் இல்லாத காலமே இல்லை. அவர்களிலும் எத்தனையோ பேர் கணக்கில் தோற்றதாகப் பள்ளியிலிருந்து நின்றார்கள்.

எழுபது, எண்பதுகளில் சிரம்பானிலும் செனவாங்கிலும் தொழிற்சாலைகள் பெருகியபோது தோட்டக் குடியிருப்பான லயத்துப் பெண்பிள்ளைகள் பேருந்து பிடித்து அங்கே போனார்கள். நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய கம்பிகளை இணைக்கும் வேலைக்குப் பெண்களின் விரல் இயல்பாகவே ஏற்றது என்று முதலாளிகள் பேசினார்கள். அம்மாக்களின் கைநுணுக்கத்தை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அங்கேயும் கவனமும் பொறுமையும் பிறவிக்குணமாகக் கொள்ளப்பட்டன. திறனாகக் கணக்கிடப்படவில்லை, அதனால் அதற்குத் தனி விலையும் இல்லை.

ஆள் எடுக்கும்போது பொது அறிவுத்திறன் சோதனையே வேலையில் ஒருவர் எப்படிச் செய்வார் என்பதை நன்றாகக் காட்டும் கருவி என்று 1998-இல் ஃபிராங்க் ஷ்மித்தும் ஜான் ஹண்டரும் தொகுத்துச் சொன்னது வெகுகாலம் வேதவாக்காக இருந்தது. 2022-இல் பால் சாக்கெட்டும் உடன் ஆய்ந்தவர்களும் அந்தக் கணக்கைத் திரும்பப் பார்த்து, சோதனையின் ஆற்றல் அதில் மிகைப்படுத்தப்பட்டிருந்தது என்றார்கள். அவர்கள் கணக்கில் முதலிடத்துக்கு வந்தது ஒழுங்காகத் திட்டமிட்டு நடத்தும் நேர்காணல். செய்யப்போகும் வேலையின் அறிவையே நேராகச் சோதிப்பதும் அதற்கு அடுத்தபடியாக முன்னுக்கு வந்தது. ஒருவரால் என்ன முடியும் என்று அறிய, அவரைச் செய்யவிட்டுப் பார்ப்பதைவிட நல்ல வழி குறைவு. தோட்டத்துத் தண்டல்களுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

தொண்ணூறுகளில் நீலாய் வளர்ந்தது. சிரம்பான் ஓரத்தில் தோட்டங்கள் இருந்த இடத்தில் சிரம்பான் 2 எழுந்தது. எல்லைக்கு அப்பால் சிப்பாங்கில் 1998-இல் விமான நிலையம் திறந்தது. லயங்கள் காலியாயின. நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் வெளியே வந்தவர்களிடம் இருந்தது கேட்டல் சொன்ன இரண்டாவது வகை அறிவு, மரத்தோடும் மண்ணோடும் சேர்ந்து உறைந்தது. வெளியே கேட்கப்பட்டதோ முதல் வகை: புது இயந்திரம், புது மொழி, புது விதி, சட்டென்று பிடித்துக்கொள். இளமையிலேயே குறையத் தொடங்கும் திறனை ஐம்பது வயதில் சோதித்து, இவர்களுக்கு ஒன்றும் வராது என்று முடிவு கட்டினார்கள். காவலாளி வேலை, துப்புரவு வேலை. முப்பது ஆண்டு கூர்தீட்டிய கண்ணும் கையும் ஒரே மாதத்தில் விலையற்றுப்போனது அவர்களுடைய குறை அல்ல. நட்ட ஈட்டுக் கணக்கில் வீடும் பணிக்காலமும் வந்தன. இந்த இழப்பு எந்த வரியிலும் வரவில்லை.

இப்போது அந்தத் தோட்டங்களில் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள் நிற்கிறார்கள். அவர்களும் எளிய வேலைக்கு வந்தவர்களாகவே பதியப்படுகிறார்கள். 2020-இல் பெருந்தொற்றால் எல்லை மூடி ஆள் வரத்து நின்றபோது, குலையைப் பார்த்துப் பழுத்ததா என்று சொல்லி இறக்கத் தெரிந்த கை கிடைக்காமல் தோட்டங்கள் திணறின. எவரையும் பிடித்து நிறுத்திச் செய்விக்கக்கூடிய வேலை அல்ல இது என்பது அப்போது நாட்டுக்கே தெரிந்தது.

இதில் செய்யக்கூடியவை கைக்கு எட்டாதவை அல்ல. ஒடிசாவில் இலைத்தட்டுத் தைக்கும் கூலித் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியைச் சில நாள் முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தார்கள் சுப்ரீத் கௌரும் முல்லைநாதனும் அவர்களுடன் இருந்தவர்களும். மொத்தக் காசு கூடவில்லை. கைக்கு வந்த நாள்தான் மாறியது. உற்பத்தி 7 விழுக்காடு அளவுக்கு உயர்ந்தது, தையலில் தவறும் குறைந்தது. மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 2013-இல் மாதம் 900 வெள்ளி என்று தொடங்கி 2025-இல் 1,700 வெள்ளிக்கு வந்தது. மழைநாளிலும் குறையாத ஒரு தொகை கைக்கு வரும் என்ற நிச்சயம் எவ்வளவு கவனத்தை விடுவிக்கும் என்பதைத் தோட்ட முதலாளிகள் தங்கள் லாபக் கணக்கிலேயே சேர்க்கலாம்.

தேர்ச்சியை அங்கீகரிக்கவும் வழி இருக்கிறது. வேலை செய்தே திறன் பெற்றவர்களுக்குப் பழைய அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு திறன் சான்றிதழ் தரும் ஏற்பாடு மலேசியத் திறன் மேம்பாட்டுத் துறையில் உண்டு. பால் வெட்டுக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று யாரும் திகைக்க வேண்டியதில்லை. தோட்டங்கள் அதைப் பல பத்தாண்டுகளாகச் செய்து வந்திருக்கின்றன. மேற்பார்வையாளர் நிரைக்குள் வந்து, ஆழத்தை ஊசியால் குத்திப் பார்த்து, சரிவை அச்சுத்தகட்டால் அளந்து, அந்த மாதம் செலவான பட்டையைக் கணக்கிட்டு, காயங்களை எண்ணி, மரத்துக்கு மரம் தாளில் குறித்தார். அந்தத் தாள் பெரும்பாலும் ஏச்சுக்கும் கூலிப்பிடிப்புக்கும்தான் பயன்பட்டது. அதே தாள், அதே கட்டங்கள், வெட்டியவரின் பெயரில் திறன் சான்றாகப் பதிவாகட்டும். கூலிப் படியும் அதன்மேல் நிற்கட்டும். பகாவிலும் ரெம்பாவிலும் இன்னமும் கத்தி பிடிக்கிறவர்களை வைத்து அதை இந்த ஆண்டே தொடங்கலாம்.